கண்மாயில் ஒரு மாறுகண் புழு

தட்டைப்புழுக்கள் தொகுதியை நடத்தும்போது வகுப்பில் பெரும்பாலும் நாடாப்புழுவும் கல்லீரல் புழுவும்தான் வருகின்றன. 'தட்டைப்புழு என்றால் நோய்' என்று மாணவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிக்கரையில் அது உண்மைதான். நத்தையில் வளரும் ஒரு தட்டைப்புழு, அங்கே நீரில் இறங்குவோரின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது. ஆனால் எவரையும் ஒட்டி வாழாமல், நன்னீரில் தானே இரைதேடும் தட்டைப்புழுவும் உண்டு. அதுதான் பிளனேரியா. நம் நாட்டு நீர்நிலைகளில் துகீசியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை வாழ்கின்றன.

ஏழாயிரம்பண்ணை போன்ற கரிசல் ஊர்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகுதான் கண்மாயில் தண்ணீர் நிற்கும். தேடுவதற்கு அதுவே காலம். மாணவரை நீரில் இறக்க வேண்டாம். ஆசிரியரே பொறி வைக்கலாம். துளையிட்ட சிறு டப்பாவில் ஒரு கூழாங்கல்லும் பச்சை ஆட்டு ஈரல் துண்டும் போட்டு, நூல் கட்டி, கல்லும் நிழலும் உள்ள ஓரத்தில் மாலையில் அமிழ்த்தி, மறுநாள் காலை எடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் இடம், நாள், நீரின் நிலை ஆகியவற்றுடன் அதையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

கிடைத்ததை அட்டை என்று எண்ணிவிடக் கூடாது. அட்டைக்கு ஒட்டுறிஞ்சிகள் உண்டு. உடலை வளைத்து வளைத்து நகரும். சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பிளனேரியாவோ அடிப்புறக் குற்றிழைகளால் வழுக்கிக்கொண்டு போகும். அதைக் கண்மாய்த் தண்ணீரிலேயே வையுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் ஆகாது. கைலென்சில் இரு கண்புள்ளிகளும் மாறுகண் போலத் தெரியும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். டார்ச் அடித்தால் ஏன் விலகுகிறது? வாய் எங்கே? தலையில் தேடுவார்கள், அது உடலின் நடுவில், அடிப்புறத்தில் இருக்கிறது. கழிவு வெளியேறுவதும் அதே வழியில்தான்.

"வெட்டிப் பார்க்கலாமா சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். பழ ஈ ஆய்வால் நாம் அறிந்த டி.எச்.மார்கன், 1898-இல் பிளனேரியாவை வெட்டி ஆராய்ந்தார். உடலில் 279-இல் ஒரு பங்கே உள்ள துண்டும் முழுப் புழுவாக வளர்ந்ததாக அவர் பெயரில் கூறப்படுகிறது. உடலெங்கும் பரவியுள்ள குருத்துச் செல்களே இதற்குக் காரணம். வகுப்பில் பிளேடு தேவையில்லை என்பது என் கருத்து. துகீசியா இனங்கள் பலவும் வாலை ஓரிடத்தில் பற்றிக்கொண்டு, முன்னுடலை இழுத்துத் தாமாகவே இரண்டாகின்றன. தலையற்ற அந்த வால் துண்டில் கண்கள் முளைப்பதை ஓரிரு வாரம் தினமும் வரைந்து வந்தால் போதும். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.