பருந்துகளின் வழிச்சத்திரம்

வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டுவதையும் சாலையோரம் நிழல் மரங்கள் நடுவதையும் நம் முன்னோர் அறச்செயல்களாகப் போற்றினர். புறப்படும் ஊரும் போய்ச் சேரும் ஊரும் மட்டும் இருந்தால் நெடும்பயணம் நிறைவேறாது. இடையில் இளைப்பாற இடம் வேண்டும். வலசை போகும் பறவைகளுக்கும் அப்படித்தான். அவற்றின் சத்திரங்களுள் ஒன்று போர்ட்டிக்சனுக்கு அருகில், தஞ்சோங் துவான் என்னும் கடல்முனையில் இருக்கிறது.

தேன் பருந்தை எடுத்துக்கொள்வோம். குளவி, தேனீ ஆகியவற்றின் கூடுகளைப் பிய்த்து, உள்ளிருக்கும் புழுக்களைத் தின்னும் பறவை இது. கோடையில் ஜப்பான், தென் சைபீரியா முதலிய வடபுலக் காடுகளில் குஞ்சு பொரிக்கிறது. குளிர் வந்து பூச்சிகள் அருகியதும் தெற்கே புறப்படுகிறது. ஜப்பானிய ஆய்வாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியின் குழுவினர், 2003ஆம் ஆண்டு முதல் இப்பறவைகளின் முதுகில் சிறு கருவி பொருத்தி, துணைக்கோளின் உதவியால் அவை செல்லும் வழியைக் கண்டறிந்தனர். சீனா, மலாயாத் தீபகற்பம், சுமத்ரா வழியாக அவை ஜாவா, போர்னியோ, பிலிப்பைன்ஸ் வரை செல்கின்றன. சில பறவைகளுக்கு ஒருவழிப் பயணமே சுமார் 10,000 கிலோமீட்டர்.

இவ்வளவு தொலைவையும் இறக்கையடித்தே கடப்பது இயலாது. வெயிலில் தரை சூடேறும்போது அதன் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. பருந்து இறக்கையை விரித்து, அக்காற்றில் வட்டமிட்டு உயர்கிறது. பிறகு சறுக்கியவாறே முன்னேறுகிறது. கடலின்மேல் இத்தகைய வலுவான காற்றெழுச்சி பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே, இயன்றவரை கடல் குறுகியிருக்கும் இடத்தைத் தேடி அது கடக்கிறது. தஞ்சோங் துவானுக்கும் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவுக்கும் இடையில் மலாக்கா நீரிணையின் அகலம் சுமார் 38 கிலோமீட்டர்தான். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, வடக்கே திரும்பும் பருந்துகள் பெருந்திரளாக இங்கே கரை சேருகின்றன. களைப்பினால் மர உச்சிகளை உரசுவதுபோல் தாழப் பறந்து வருகின்றன. சில மரங்களில் அமர்ந்து ஓய்கின்றன. மற்றவை நிலத்தின் மேல் எழும் வெப்பக் காற்றைப் பற்றி மீண்டும் உயர்கின்றன.

இந்தக் காட்டின் பரப்பு 100 ஹெக்டருக்கும் குறைவு. சுற்றிலும் கடற்கரையை விடுதிகளும் வீடுகளும் நிறைத்துவிட்டன. காடு வனவிலங்குச் சரணாலயமாக இருப்பதால் தப்பி நிற்கிறது. மலேசிய இயற்கைச் சங்கம் 2000ஆம் ஆண்டில் இங்கே பருந்து காணும் விழாவைத் தொடங்கி, பொதுமக்களுக்கு இதன் அருமையை உணர்த்தியது.

“இத்தனை சிறிய காட்டில் ஓர் ஓரத்தை வெட்டினால் என்ன?” என்று சிலர் கேட்கலாம். ஜப்பானில் கூடு கட்டும் காட்டைக் காத்தாலும், போர்னியோவில் குளிர்காலத்தைக் கழிக்கும் காட்டைக் காத்தாலும், நடுவழியில் இறங்க இடமில்லையென்றால் அந்தப் பாதுகாப்பு முழுப்பயன் தராது. சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் சங்கிலி அறுந்ததுதான்.

எனவே நேயர்களே, மார்ச் மாதத்தில் குடும்பத்தோடு தஞ்சோங் துவானுக்குச் சென்று பாருங்கள். அங்கே தீ மூட்டாதீர்கள், குப்பை போடாதீர்கள், அமர்ந்திருக்கும் பறவையை விரட்டாதீர்கள். பல நாடுகளுக்குப் பொதுவான இந்த விருந்தாளிகள் நம் மண்ணில் தங்குவது சிறிது நேரமே. அந்தச் சிறிது நேரத்திற்கு நாம் பொறுப்பாளிகள்.