கம்பைத் தாண்டினால் யார் பொறுப்பு?

2013 டிசம்பர் 29. பிரான்சின் மெரிபெல் பனிச்சறுக்குத் தளத்தில் கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் குறியிட்ட பாதையைவிட்டுச் சில மீட்டர் விலகினார். பனிக்குள் கிடந்த பாறை தட்டி விழுந்தார். தலைக்கவசம் அணிந்திருந்தும் மூளையில் பலத்த காயம். விசாரித்த அரசு வழக்கறிஞர் 2014 பிப்ரவரியில் கோப்பை மூடினார்: பாதையோரக் கம்புகள் விதிப்படி நடப்பட்டிருந்தன, தளத்தை நடத்தியவர்கள்மீது குற்றம் இல்லை.

ஆல்ப்ஸ் மலைக்குப் போகிற எவரும் முதலில் அறிய வேண்டிய எல்லை அந்தக் கம்புதான். அதற்கு உள்ளே பாதையைப் பராமரிப்பதும், பனிச்சரிவு வரும் என்றால் அடைப்பதும் தளத்தின் கடமை. தவறினால் இழப்பீடு கேட்கலாம். தாண்டிவிட்டால் பெரும்பாலும் அவரவர் பாடு.

பாதைக்குள்ளேயே இன்னொருவர் வந்து மோதினால்? சர்வதேச பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் 10 விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முன்னால் போகிறவருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வது பின்னால் வருபவரின் பொறுப்பு. மோதியவர் மட்டுமல்ல, பார்த்தவரும் பெயர், முகவரி தர வேண்டும். வலியிலும் பதற்றத்திலும் பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை. பிறகு வழக்கு நிற்பதில்லை. இடத்தைப் படம் எடுத்து, மீட்புப் பணியாளரின் அறிக்கையையும் கேட்டுப் பெற வேண்டும். இத்தாலியில் 2022 முதல், பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு இல்லாமல் சறுக்கவே கூடாது.

காப்பீட்டில்தான் இந்தியப் பயணிகள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். ஆனால் விசாவுக்காக எடுக்கும் பல பாலிசிகளில் பனிச்சறுக்கு சேராது. பிரான்சில், தளத்தில் அடிபட்டவரைக் கீழே இறக்கும் செலவை அவரிடமே வசூலிக்க 1985-ஆம் ஆண்டு மலைச் சட்டம் உள்ளூர் நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டருக்கும் பில் வரும். விலக்குப் பட்டியலைப் படிக்காமல் பாலிசிக்குப் பணம் கட்டவே கூடாது.

பனிச்சரிவு எச்சரிக்கையில் 5 நிலைகள். 3 என்றால் நடுத்தரம்தானே என்ற எண்ணம் உயிரைக் குடிக்கிறது; சாவுகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான். புதைந்தவரை முதல் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கக் கூட இருப்பவர்களால்தான் முடியும். சமிக்ஞைக் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் வேண்டும். அவசர எண் 112.

கோடையில் அதே சரிவுகள் மேய்ச்சல் நிலமாகிவிடும். 2014-இல் ஆஸ்திரியாவின் ஸ்டூபாய் பகுதியில் நாயுடன் நடந்த ஒரு ஜெர்மன் பெண்ணைக் கன்றுள்ள மாடுகள் மிதித்துக் கொன்றன. எச்சரிக்கைப் பலகை இருந்தது. நெரிசலான அந்த இடத்தில் வேலி போட்டிருக்க வேண்டும் என்றும், நாயின் கயிற்றை அவர் இடுப்பில் மாட்டியிருந்ததும் தவறு என்றும் கருதி, பொறுப்பைச் சரிபாதியாகப் பிரித்த தீர்ப்பை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. மாடு தாக்க வருவதாகத் தெரிந்தால் நாயை உடனே அவிழ்த்துவிட வேண்டும் என்பதே அங்கு இன்று தரப்படும் அறிவுரை.