தார் போடாத சாலைக்கு வந்த வாழ்வு

எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை வேண்டும் என்று மனு கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இருக்கிற மண்சாலையில் தார் ஊற்றிவிடாதீர்கள் என்று கிளம்பிய ஒருவர் இத்தாலியில் இருக்கிறார். பெயர் ஜியான்கார்லோ புரோச்சி. டஸ்கனி மாநிலத்தில், கியாந்தி குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கையோலே என்ற சிற்றூர்க்காரர். சாலையைக் காப்பாற்ற அவர் நம்பியது சைக்கிளை.

சியேனா நகரைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரிய மலை கிடையாது. சமவெளியும் கிடையாது. ஒரு குன்று முடிவதற்குள் அடுத்த குன்று தொடங்கிவிடும். வடக்கே கியாந்தியில் கல் கலந்த மண். திராட்சைத் தோட்டங்களும் ஆலிவ் மரங்களும் ஓக் காடுகளும். நகரின் தென்கிழக்கே போனால் ‘கிரேத்தே’ என்னும் களிமண் மேடுகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. அந்தக் கடலடிச் சேறுதான் இன்று மேடாக நிற்கிறது. மழை பெய்தால் இந்தக் களிமண் கரைந்து ஓடும், பள்ளத்தில் சகதி கட்டும். அதனால் அந்தக் காலத்து மக்கள் பல சாலைகளைக் குன்றுகளின் முதுகின்மேலேயே கொண்டுபோனார்கள். இன்று சைக்கிளில் போகிறவருக்கு இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வயல் தெரிவதற்கு அதுதான் காரணம்.

இந்தச் சாலைகளில் பல தார் காணாமல் தப்பியதற்குப் பின்னால் ஒரு வேளாண்மைக் கதை இருக்கிறது. டஸ்கனியில் நூற்றாண்டுக்கணக்காக வாரச் சாகுபடிதான் வழக்கம். நிலம் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, விளைச்சலில் பாதிப் பாதி. ஒவ்வொரு குடியானவர் குடும்பமும் ஊருக்குள் அல்லாமல், தான் உழும் நிலத்திலேயே குன்றின்மேல் இருந்த வீட்டில் வாழ்ந்தது. அந்த வீடுகளை இணைக்கத்தான் வெள்ளைச் சரளைக்கல் பரப்பிய இத்தனை சாலைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இளைஞர்கள் நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வார ஒப்பந்தம் போடுவதை 1964இல் சட்டம் தடை செய்தது. வீடுகள் பூட்டப்பட்டன. ஆள் இல்லாத சாலைக்குத் தார் போட யார் முன்வருவார்கள்?

பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கியாந்தி ஒயின் உலகச் சந்தையில் பேர் வாங்கியது, பாழடைந்த பண்ணை வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிப் புதுப்பித்தார்கள், கார்கள் பெருகின. வெள்ளைச் சாலைகள் ஒவ்வொன்றாகக் கறுப்பாக மாறும் காலம் நெருங்கியதை உணர்ந்தவர்தான் புரோச்சி. 1997இல் ‘லெரோயிக்கா’ என்ற பெயரில் ஒரு சைக்கிள் பயணத்தை அவர் ஏற்பாடு செய்தார். வந்தவர்கள் 92 பேர்.

அதன் விதிகள்தான் அதைத் தனித்துக் காட்டின. 1987க்கு முன் செய்த சைக்கிளாக இருக்க வேண்டும். எஃகுச் சட்டம், அந்தச் சட்டத்தின் சாய்வான கீழ்க்குழாயிலேயே கியர் மாற்றும் நெம்புகோல், பாதத்தை வாரால் கட்டிக்கொள்ளும் பெடல் எல்லாம் பழைய மாதிரி. உடுப்பும் கம்பளிச் சட்டைதான். மிக நீண்ட வழி ஏறக்குறைய 209 கிலோமீட்டர், அதில் பாதியளவு சரளைச் சாலை. அதிகாலை இருட்டில் கிளம்புகிறவர்கள், இருபுறமும் விளக்கு ஏற்றிவைத்த சைப்ரஸ் மரச் சாலை வழியாக பிரோலியோ கோட்டைக்கு ஏறுகிறார்கள். வழியில் ஊட்டச்சத்துப் பொட்டலம் தருவதில்லை. ரொட்டியும் பீன்ஸும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்த ‘ரிபொல்லித்தா’, ஆலிவ் எண்ணெய் ஊற்றிய ரொட்டி, ஒரு குவளை ஒயின். இன்று அக்டோபர் மாதத் தொடக்கத்தில் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தச் சிற்றூருக்கு வருகிறார்கள்.

பழைய சைக்கிளைக் கேட்டதில் ஒரு நியாயம் உண்டு. இத்தாலியின் பெரும் சைக்கிள் வீரர்கள் உருவானது இத்தகைய சாலைகளில்தான். ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகே பிறந்த ஜீனோ பார்தாலி, ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயத்தை 1938இலும் பத்து ஆண்டு கழித்து 1948இலும் வென்றவர். இடையில் போர்க்காலத்தில், யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளத் தாள்களைச் சைக்கிள் குழாய்க்குள் ஒளித்துக் கொண்டுபோனார் என்று அறியப்படுகிறார். இஸ்ரேலின் யாத் வாஷேம் நினைவகம் 2013இல் அவரைக் கௌரவித்தது. உயிரோடு இருந்தவரை அவர் இதைப் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை.

மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் வழியில் ஓட்டுவது, ஒரே பெரிய மலையில் ஏறுவதிலிருந்து வேறுபட்ட உழைப்பு. மலையேற்றத்தில் ஒரு சீரான வேகத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் போகலாம். இங்கே மூச்சு சீராவதற்குள் இறக்கம், கால் இளகுவதற்குள் ஏற்றம். ஏற்றத்தில் இழந்த நேரத்தை இறக்கத்தில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களைக் கணக்கு ஏமாற்றிவிடும். 10 கிலோமீட்டர் ஏற்றத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்திலும் அதே தூர இறக்கத்தை 40 கிலோமீட்டர் வேகத்திலும் கடந்தால் சராசரி 25 வராது, 16தான் வரும். ஏற்றத்தில்தான் நேரம் அதிகம் கழிகிறது என்பதே காரணம். ஆகவே இத்தகைய வழியில் தூரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுவது தவறு. மொத்தமாக எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று பார்க்க வேண்டும். லெரோயிக்காவின் நீண்ட வழியில் அது 3,500 மீட்டருக்கும் அதிகம். இத்தனைக்கும் அதில் ஒரு பெரிய மலைகூட இல்லை.

சரளைக்கும் தனி நுட்பம் உண்டு. செங்குத்தான ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தின்மேல் பாரம் குறைந்து அது வழுக்கும். இருக்கையில் உட்கார்ந்தபடியே சிறிய கியரில் ஏறுவதுதான் நல்லது. வளைவுக்குள் நுழைந்தபிறகு முன்பிரேக்கை இறுக்கிப் பிடிப்பது ஆபத்து, வேகத்தை முன்பே குறைத்துக்கொள்ள வேண்டும். டயர் அகலமாகவும் காற்று சற்றுக் குறைவாகவும் இருந்தால் கற்களின் அதிர்வை டயரே வாங்கிக்கொள்ளும். காய்ந்த நாளில் எழும் புழுதி முகத்தில் கோலமாவு அப்பியதுபோல் படியும். மழை நாள் வேறு மாதிரி. 2010ஆம் ஆண்டின் ‘ஜீரோ த இத்தாலியா’ பந்தயம் இதே சரளைச் சாலைகள் வழியாக மொன்தால்சீனோ என்ற ஊருக்குப் போன நாளில் கொட்டிய மழையில், உலகச் சாம்பியனின் வானவில் சட்டை அணிந்திருந்த ஆஸ்திரேலியர் கடெல் எவான்ஸ் அடையாளம் தெரியாத அளவுக்குச் சேறு பூசி வந்து வென்றார்.

புரோச்சியின் முயற்சியிலிருந்து கிளைத்ததுதான் தொழில்முறை வீரர்களுக்கான ‘ஸ்த்ராதே பியாங்கே’ பந்தயம். வெள்ளைச் சாலைகள் என்பதே அந்தப் பெயர். 2007இல் தொடங்கியது, 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. நூறாண்டு கண்ட பந்தயங்கள் நிறைந்த சைக்கிள் உலகில் இத்தனை குறுகிய காலத்தில் இவ்வளவு மதிப்புப் பெற்ற பந்தயம் வேறு இல்லை என்றே சொல்லலாம். மூன்று முறை வென்ற ஸ்விட்சர்லாந்தின் ஃபேபியன் கான்செல்லாராவின் பெயரை, மொந்தே சாந்தே மரியே என்ற 11.5 கிலோமீட்டர் சரளைப் பகுதிக்கு வைத்திருக்கிறார்கள். ஸ்லோவேனியாவின் ததேய் பொகாச்சர் 2024இல் அதே பகுதியில்தான் மற்றவர்களை விட்டுப் பிரிந்து, கடைசி 81 கிலோமீட்டரைத் தனியாகவே ஓட்டி முடித்தார்.

பந்தயம் முடியும் இடம் சியேனாவின் பியாட்சா தெல் காம்போ சதுக்கம். அதற்குச் சற்று முன் சாந்தா கத்தரீனா தெருவில் 16 சதவீத ஏற்றம்: 100 மீட்டர் போனால் 16 மீட்டர் உயரம். வெற்றிக்கோட்டுக்கு எதிரே நிற்கும் நகரமன்றத்துக்குள் அம்ப்ரோஜியோ லொரென்செட்டி 1338–39இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சி நடந்தால் நாட்டுப்புறம் எப்படி இருக்கும் என்பது அதன் ஒரு பகுதி. குன்றுகள், அறுவடை, சாலையில் பொதி சுமந்து நகரத்துக்கு வரும் மக்கள் எல்லாம் அதில் உண்டு. வெளியே சைக்கிளில் போனால் அந்த நிலத்தைப் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இந்தச் சாலைகளில் ஓட்டுவதற்குப் பந்தயத்தில் சேர வேண்டும், பழைய சைக்கிள் வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. லெரோயிக்காவின் வழி நெடுகிலும் நிரந்தரமாக வழிகாட்டிப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் யாரும் போகலாம். கையோலேயில் கிளம்பி சியேனாவின் ஓரமாக மொன்தால்சீனோ வரை போய், புவோன்கொன்வென்தோ, அஷானோ, ராத்தா வழியாகத் திரும்பும் இந்த வட்டத்தை நான்கைந்து நாளாகப் பிரித்துக்கொண்டால் சாதாரணமாகச் சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் முடியும். ஏப்ரல், மே மாதங்களில் கோதுமை பச்சையாக இருக்கும். செப்டம்பரில் திராட்சை அறுவடை. ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் கிரேத்தேயின் மேட்டுச் சாலைகளில் நிழல் கிடைப்பது அரிது. அந்த மாதங்களில் போகிறவர்கள் விடியும்போதே கிளம்பி, நண்பகலுக்குள் அடுத்த ஊரைச் சேர்ந்துவிடுவது நல்லது. தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம் இருக்கட்டும். சரளைப் பகுதிகளில் கடை கிடையாது.