ஏ-யா, பி-யா?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கம்பி, துணி காயப்போடும் கம்பிதான். ஆனாலும் சென்ற மாதம் ஓர் இரவு, திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் நண்பனுக்கு டார்ச் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அவன் கைக்காசு போட்டு மாட்டிய எட்டு டெம்பரேச்சர் கன்ட்ரோலர்களில் ஒன்றுகூடக் கம்ப்யூட்டருடன் பேசவில்லை. "காலைல எட்டு மணிக்கு ஓடலீன்னா கழட்டிட்டுப் போயிருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முதலாளி தூங்கப் போய்விட்டார்.

காத்திருந்த நேரத்தில் நண்பன் பாடம் எடுத்தான். பழைய கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஒன்பது ஊசி சாக்கெட் இருக்குமே, அது ஆர்.எஸ்.-232. அமெரிக்காவில் 1960-ல் பிறந்தது. ப்ளஸ் வோல்ட் என்றால் சைபர், மைனஸ் வோல்ட் என்றால் ஒன்று! (எங்கள் ஆடிட்டர் கேட்டால் மயங்கி விழுவார்.) ஐம்பது அடி தாண்டினால் திணறும். புதுமணத் தம்பதி மாதிரி ஒருவரோடு ஒருவர்தான் பேசும்.

மோட்டார்கள் அலறும் ஃபாக்டரிக்கு அது எப்படிப் போதும்? 1983-ல் ஆர்.எஸ்.-485 வந்தது. முறுக்கிய இரண்டு கம்பி, ஏ, பி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பார்க்கும். மோட்டார் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு ஏறினால் வித்தியாசம் மாறாது. உங்களுக்கும் பக்கத்து சீட்காரருக்கும் ஒரே இன்க்ரிமென்ட் போட்டால் அவர் உங்களைவிட அதிகம் வாங்குவது மாறுமா என்ன? வேகத்தைக் குறைத்துக்கொண்டால் 1,200 மீட்டர் வரை போகும். ஒரே லைனில் 32 கருவிகள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர், சிக்னல் முட்டித் திரும்பாமலிருக்க.

பேசும் பாஷை மாட்பஸ். மாடிகான் கம்பெனி 1979-லேயே கொண்டுவந்தது. மானேஜர் நம்பர் சொல்லிக் கூப்பிட்டால்தான் கருவி வாயைத் திறக்கும். (எங்கள் ஆபீசுக்கு உடனே தேவை.)

நம்பர் சரி, வேகம் சரி, ரெசிஸ்டர் சரி. மணி இரண்டு. திடீரென்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். ஏ எது, பி எது என்பதில் ஸ்டாண்டர்ட் சொல்வது ஒன்று. பல சிப் கம்பெனிகள் அச்சடிப்பது நேர் தலைகீழ்! லேப்டாப்பில் செருகியிருந்த கன்வர்ட்டரில் இரண்டு கம்பியையும் இடம் மாற்றினான். எட்டும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தன.

எட்டு மணிக்கு முதலாளி வந்து ஸ்க்ரீனைப் பார்த்தார். "மூணாம் நம்பர் ஏனுங் சூடு கம்மியா காட்டுது?"

"அது உங்க ஸ்டீம் லைனுங்க."

ஃபிட்டரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே செக் எழுதினார். தேதியைப் பார்த்தேன். அடுத்த மாதம் இருபத்தைந்து.