மண்ணின் காந்தமும் மனித உயிரும்

மண்ணிலிருந்து படைக்கப்பட்டவன் மனிதன், மண்ணிலேயே அடங்குபவன். நீர் கிட்டாதபோது தயம்மும் செய்யத் தூய மண்ணையே நாடுகிறோம். இத்துணை நெருக்கமான மண்ணைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ சொற்பம். மண்ணுக்குக் காந்தத் தன்மை உண்டு என்பதையும், அதை அளந்தறிவது மனித உயிரைக் காக்க உதவுகிறது என்பதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

உங்கள் பிள்ளைகளைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். காந்தம் ஒன்றைத் தாளில் சுற்றி, உலர்ந்த ஆற்று மணலில் அளையச் சொல்லுங்கள். கரிய நுண்துகள்கள் தாளில் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றுள் முதன்மையானது மேக்னடைட் என்னும் இரும்புத் தாது.

அளப்பது எவ்வாறு?

மண் காந்தப் புலத்திற்கு எந்த அளவு இசைகிறது என்பதைக் ‘காந்த ஏற்புத்திறன்’ என்பர். மாறு மின்னோட்டம் பாயும் கம்பிச் சுருளுக்குள் மண் நிரப்பிய சிறு குப்பியை வைத்தால், கருவியின் அதிர்வெண் சற்றே மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு ஏற்புத்திறனைக் கணிக்கின்றனர். வெண்மணலும் சுண்ணாம்பும் ஏறக்குறைய மாற்றமே தருவதில்லை. பசால்ட் எனும் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண் மிகுந்த மாற்றம் தரும்.

அடிமண்ணைவிட மேல்மண்ணே பெரும்பாலும் அதிகக் காந்தத் தன்மை உடையது என்பதை 1955-இல் பிரெஞ்சு அறிஞர் லெ போர்ன் எடுத்துக்காட்டினார். தீயில் சுட்ட மண்ணில் அத்தன்மை மேலும் பெருகும். எனவே புதையுண்ட அடுப்புகளையும் சூளைகளையும் தோண்டாமலே தொல்லியலார் கண்டறிகின்றனர். நிலக்கரி எரிக்கும் ஆலைகளின் சாம்பலிலும் காந்தத் துகள்கள் உண்டு. ஆகவே மாசு படிந்த நிலங்களை அறியவும் இவ்வளவீடு உதவுகிறது.

உயிர் காக்கும் பயன்

இவை யாவற்றினும் மேலான பயன் ஒன்றுண்டு. போர் ஓய்ந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் கண்ணிவெடிகள் மண்ணில் காத்துக் கிடக்கின்றன. ஆப்கானிஸ்தானிலும் போஸ்னியாவிலும் அங்கோலாவிலும் கம்போடியாவிலும் ஒரு பாவமும் அறியாத சிறுவர்கள்கூட அவற்றால் கால்களை இழந்துள்ளனர். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997-இல் ஒட்டாவாவில் கையெழுத்தாகி 1999-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், ஏற்கெனவே புதைக்கப்பட்டதை மனிதக் கைகளே அகற்றியாக வேண்டும்.

பல கண்ணிவெடிகளின் உறை பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளிருக்கும் உலோகம் சிலவற்றில் ஒரு கிராமைக்கூட எட்டாது. அதைத் தேடும் உலோகங்காட்டும் கருவி, மாறும் காந்தப் புலத்தை மண்ணுக்குள் செலுத்துகிறது. உலோகம் இருந்தால் அதில் மின்னோட்டம் எழுந்து, கருவி ஒலிக்கும். ஆனால் மண்ணிலுள்ள மிக நுண்ணிய காந்தத் துகள்கள் புலம் மாறும்போது உடனே மாறாமல் சற்றுப் பிந்தி மாறுகின்றன. அந்தத் தாமதத்தைக் கருவி உலோகமென்றே எண்ணி ஒலிக்கிறது.

இங்கேதான் ஆபத்து. ஒவ்வோர் ஒலிக்கும் மண்டியிட்டுத் தோண்டினால் ஒரு வயலைத் துப்புரவாக்கவே காலம் போதாது. ஓயாத ஒலியைத் தவிர்க்கக் கருவியின் நுட்பத்தைக் குறைத்தாலோ, மெய்யான கண்ணிவெடி தப்பிவிடும்.

ஆகவே மண்ணை முன்னரே அளக்கின்றனர். இரு வேறு அதிர்வெண்களில் அளந்தால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்நுண்துகள்களைக் காட்டிக்கொடுக்கும். வயலிலேயே செய்யத்தக்க எளிய முறையும் உண்டு. குறித்த அளவு நுட்பத்தில் அமைத்த கருவியை, உலோகமற்ற தரையை நோக்கி மெல்ல இறக்குவர். எந்த உயரத்தில் மண்ணால் மட்டுமே அது ஒலிக்கிறதோ, அவ்வுயரம் கூடக் கூட மண்ணும் தொல்லை மிக்கது. அதற்கேற்ப, மண்ணின் ஒலியை விலக்கவல்ல கருவியைத் தேர்வர். மண்ணை இவ்வாறு ஆராயும் முறைகளை ஐரோப்பியத் தர நிர்ணயக் குழு 2008-இல் தொகுத்து வெளியிட்டது.

நமது கடமை

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டினார்கள். முள்ளை அகற்றுவதற்கே இத்தகைய சிறப்பு எனில், உயிரைக் குடிக்கும் வெடியை அகற்றுவதற்கு எத்துணைச் சிறப்பு இருக்கும்!

மக்கள் நலனுக்கு இன்றியமையாத மருத்துவத்தையும் கணிதத்தையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஃபர்ளு கிஃபாயாவில் சேர்த்துரைத்தார்கள். சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டிய கல்வி அது. மண்ணை அளந்து மனிதரைக் காக்கும் இவ்வறிவும் அத்தகையதே அன்றோ? மணலில் காந்தத்தை அளையும் உங்கள் பிள்ளை அடுக்கடுக்காய்க் கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தேடிப் படிக்கச் செய்யுங்கள்.

பயனுள்ள கல்வியை வல்ல அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக! ஆமீன்.