‘99%’ மாஸ்க்கைவிட ‘என்95’ ஏன் பெஸ்ட்? டெஸ்ட்டில் நடப்பது இதுதான்!

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில ரூபாய்க்குக் கிடைக்கும் சர்ஜிக்கல் மாஸ்க் பெட்டியில் ‘99%’ என்று போட்டிருக்கிறது. விலை அதிகமான என்95-ல் 95%தான். அப்போ முதல் மாஸ்க்தானே பெஸ்ட்? இல்லை. இரண்டும் எழுதியது வேற வேற பரீட்சை!

சர்ஜிக்கல் மாஸ்க் டெஸ்ட்

அந்த 99% பெரும்பாலும் பாக்டீரியா வடிகட்டும் திறன். சராசரியாக 3 மைக்ரான் அளவுள்ள, பாக்டீரியா கலந்த துளிகளைத் துணி மீது செலுத்தி, எத்தனை தாண்டுகின்றன என்று எண்ணுவார்கள்.

என்95 டெஸ்ட்

இங்கே கையில் எடுப்பது உப்பு. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் விதிப்படி, மாஸ்க்கை முதலில் 38 டிகிரி வெப்பம், 85% ஈரப்பதத்தில் 25 மணி நேரம் வைப்பார்கள். கடலூர் கோடைப் புழுக்கம் மாதிரி! பிறகு, சுமார் 0.3 மைக்ரான் உப்புத் துகள்கள் கலந்த காற்றை நிமிடத்துக்கு 85 லிட்டர் வேகத்தில் செலுத்துவார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் சுவாசிப்பது சுமார் 6 லிட்டர்தான்.

ஏன் 0.3 மைக்ரான்?

பெரிய துகள்கள் நேராகப் போய் இழைகளில் மோதிச் சிக்கும். மிகச் சிறியவை அங்குமிங்கும் அலைந்து ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பவைதான் நழுவப் பார்க்கும். அவற்றைப் பிடிக்கத்தான் துணியில் நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். சோப்புப் போட்டுத் துவைத்தால் அந்த மின்னூட்டம் குறைந்துவிடும்; பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும், வடிகட்டாது.

லேபில் பாஸ், முகத்தில் ஃபெயில்?

லேபில் மாஸ்க்கின் ஓரங்களை அடைத்துவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். உங்கள் முகத்தில் அப்படி இல்லை. மூக்கோரம் இடைவெளி, அடர்ந்த தாடி என எங்கே வழி கிடைத்தாலும் காற்று வடிகட்டாமல் உள்ளே வரும். அதனால், முகத்தில் போட்டபடியே தனி டெஸ்ட் உண்டு. தலைமூடிக்குள் இனிப்பான சாக்கரின் ஸ்பிரே அடிப்பார்கள். நாக்கில் இனிப்புத் தெரிந்தால் மாஸ்க் கசிகிறது என்று அர்த்தம். காசநோய் வார்டில் வேலை செய்பவருக்கு இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

* ஐ.எஸ்.ஐ. முத்திரையுடன் ‘ஐ.எஸ். 9473’ எண் இருக்கிறதா? இந்தத் தரத்தில் ‘எஃப்.எஃப்.பி.2’ வகை குறைந்தது 94% வடிகட்ட வேண்டும்.
* உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ ஆப்பில் போட்டுச் சரிபாருங்கள்.
* காதில் மாட்டுவதைவிட, தலையைச் சுற்றும் இரண்டு பட்டைகள் கொண்டது இறுக்கமாக உட்காரும்.
* வால்வு இருந்தால், நீங்கள் வெளியே விடும் மூச்சு வடிகட்டப்படாது. நோயாளி அதை அணிந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து.

போட்டதும் இரு கைகளாலும் மூடி, வேகமாக மூச்சு விடுங்கள். கண் பக்கம் காற்று அடிக்கிறதா? மூக்குக் கம்பியை அழுத்திச் சரிசெய்யுங்கள். அப்பவும் அடித்தால், வேற சைஸ் வாங்குங்கள்.