கூரையும் விலாசமும்

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு குடும்பத்தின் வசதியை அறிய வீட்டுக்குள் போக வேண்டியதில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும். கூலிக்காரர் வீட்டுக்குக் கீற்று, கொஞ்சம் நிலமுள்ளவர் வீட்டுக்கு நாட்டு ஓடு, அதற்கு மேற்பட்டவருக்குச் சீமை ஓடு. மச்சு வீடு ஊருக்கு ஒன்றிரண்டுதான். மாப்பிள்ளை வீடு பார்த்து வந்தவர்கள் "ஓட்டு வீடு" என்று சொன்னால், நிலபுலன் கணக்கும் அதிலேயே அடங்கிவிடும்.

கீற்றின் கீழே சித்திரை வெயிலிலும் குளுமை இருந்தது. ஐப்பசி மழையில் ஒழுகும் இடமெல்லாம் பாத்திரமும் இருந்தது. ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை கூரை மாற்ற வேண்டும். மட்டையை ஊறவைத்து முடைவதற்கும் வேய்வதற்கும் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் வரிசையே சாம்பலானதும் உண்டு.

குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்க 2010இல் ஒரு திட்டம் வந்தது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம், 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறது. தீப்பயம் போயிற்று, ஒழுகல் போயிற்று, கூரை மாற்றும் செலவும் போயிற்று. கூடவே திண்ணையும் போயிற்று. மே மாத மத்தியானத்தில் தளத்தின் வெக்கை தாங்காமல் வேப்பமரத்தடிக்கு வருகிறார்கள். ஊரில் பெரிய வீடும் சிறிய வீடும் இன்று ஒரே கான்கிரீட். வித்தியாசமெல்லாம் சதுர அடியில்.

சென்னையின் கணக்கு வேறு. அன்று குமாஸ்தா குடும்பங்கள் ஒரே முற்றத்தையும் ஒரே குழாயையும் பங்கிட்டு ஒண்டுக்குடித்தனம் இருந்தன. இன்று அவர்களின் பிள்ளைகள் மாதத் தவணையில் வாங்கிய அடுக்ககத்தில் தனிக் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். கூவக்கரைக் குடிசைக்காரருக்குச் சுவர் இல்லாவிட்டாலும் வேலை நடை தூரத்தில் இருந்தது. 1970இல் உருவான குடிசை மாற்று வாரியம் முதலில் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் கட்டியது. 2000 முதல் நகரத்தின் ஓரத்திலுள்ள கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. வீட்டுக்குள் கழிப்பறையும் மின்சாரமும் கிடைத்தன. மயிலாப்பூரில் வீட்டுவேலைக்கு நடந்து போனவர் விடியுமுன் பஸ்ஸுக்கு நிற்கிறார்.

2021இல் வாரியத்தின் பெயரிலிருந்தும் குடிசை போய்விட்டது. ஆனால் வேலை கேட்டுப் போகும் பிள்ளை கண்ணகி நகர் என்றதும் எதிரே இருப்பவர் சற்றுத் தயங்குகிறார். அன்று அண்ணாந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இன்று விலாசம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.